சுயகட்டுப்பாடு இல்லையாம்!

கலப்புக் கல்விக்கு வக்காலத்து வாங்கும் கனவான்கள் புதிய சாஸ்திரம் ஒன்று பேசுகிறார்கள். பாதிப் பாடம் வகுப்பறையில், பாதிப் பாடம் கைபேசித் திரையில். தேறுகிறவன் சுயகட்டுப்பாடு உள்ளவன், தேறாதவன் அது இல்லாதவன்! நேரத்தைத் திட்டமிடத் தெரியவில்லையாம், கவனம் சிதறுகிறதாம், சந்தேகம் கேட்கக் கூச்சப்படுகிறானாம். குற்றவாளிக் கூண்டில் மாணவன் நிற்கிறான். வழக்குத் தொடுத்தவர்களின் யோக்கியதையைச் சற்றுப் பார்ப்போம்.

2021 மே மாதம். கொரோனாவின் இரண்டாம் அலையில் சுடுகாடுகள் நிரம்பிக் கொண்டிருந்த வேளை. பல்கலைக்கழக மானியக் குழு அப்போதுதான் ஒரு நகல் அறிக்கையை வெளியிட்டது. எந்தப் பாடத்திலும் 40 சதவீதம் வரை இணையவழியில் நடத்தலாம் என்பது அதன் சாரம். சர்க்காரின் சொந்தக் கணக்கோ என்ன சொல்லியிருந்தது? தேசிய மாதிரி ஆய்வின் 75-வது சுற்றில் (2017-18) கிராமப்புறக் குடும்பங்களில் கணினி உள்ளவை 4.4 சதவீதம்; இணைய வசதி உள்ளவை 14.9 சதவீதம்.

பிறகு கைபேசி பெருகிவிட்டதே என்பார்கள். பெருகியது உண்மைதான். ஆனால் யார் கையில்? 2021 ஆகஸ்டில் ழான் த்ரேஸ் முதலான பொருளாதார அறிஞர்கள், தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் ஏழைக் குடும்பத்துப் பள்ளிப் பிள்ளைகளிடையே ஆய்வு நடத்தினார்கள். கிராமப்புறத்தில் முறையாக இணையவழி படித்தவர்கள் 8 சதவீதம். படிப்பே இல்லாதிருந்தவர்கள் 37 சதவீதம். கைபேசி இருந்த வீடுகளிலும் அது வேலைக்குப் போகும் பெரியவர்களோடு வெளியே போய்விட்டது. செஞ்சி வட்டாரத்துக் கூலிக்காரர் வீட்டு நிலைமையும் வேறல்ல. அப்பா வேலை முடிந்து திரும்பி, கைபேசி தன் கைக்கு வரும் வரை, சோறு வடித்து, தம்பி தங்கைகளைத் தூங்கவைத்து, கண் விழித்துக் காத்திருக்கும் பெண்ணுக்குச் சுயகட்டுப்பாடு இல்லையாம்!

சுயகட்டுப்பாடு என்பதே பொய் என்று நாம் சொல்லவில்லை. படிப்புக்கு அது வேண்டும். ஆனால் அது எப்படி வருகிறது? இத்துறையில் பெயர்பெற்ற அமெரிக்க அறிஞர் பாரி ஸிம்மர்மன் நான்கு படிகளைக் கூறினார்: தெரிந்தவர் செய்வதைக் கவனித்தல், அதைப் பார்த்துச் செய்தல், தானே செய்தல், பின்னர் நிலைமைக்கேற்பத் தன்னை நடத்திக்கொள்ளல். முதலிரண்டு படிகளில் அருகே ஒரு மனிதர் வேண்டும். தளவானூர்க் குன்றில் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரையைக் குடைந்த கல்தச்சன் வேறு எப்படிக் கற்றிருப்பான்? மூத்தவன் கையைப் பார்த்து, தப்பாக அடித்து, திட்டு வாங்கித்தானே! முதலிரண்டு படிகளையும் பெயர்த்தெடுத்துவிட்டு, மாடிக்கு ஏறவில்லையே என்று பிள்ளையை ஏசுவது என்ன நியாயம்?

வசதி படைத்த சீமைக்குப் போவோம். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய இணையப் பாடங்களில் 2017-18-ல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம் என்று 2019-ல் ‘சயின்ஸ்’ பத்திரிகை வெளியிட்டது. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அதில் உண்டு, ஒப்புக்கொள்வோம். ஆனால் பணம் கட்டிச் சான்றிதழுக்காகச் சேர்ந்தவர்களிலும் பாதிப்பேருக்கு மேல் முடிக்கவில்லையே! அவர்களுக்குமா ஒழுங்கு தெரியாது?

திரை போதாது என்பதைத் தமிழ்நாட்டு அரசே செயலில் ஒப்புக்கொண்டது. ‘கல்வித் தொலைக்காட்சி’ இருந்தும், 2021 அக்டோபர் 27-ல் இதே விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்க வேண்டியதாயிற்று. பிள்ளைகளைத் தேடி ஒரு மனுஷியை அனுப்பினார்கள். அந்தத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்ததோ மாதம் 1000 ரூபாய்! பூச்சூடிப் புகழ்ந்த அளவுக்குக் கூலி இல்லை.

கல்லூரியிலும் கதை இதுதான். வகுப்புக்கு ஆசிரியர், மாலையில் சந்தேகம் தீர்க்க ஒருவர், விளக்கெரியும் விடுதி வாசிப்பறை, ஊருக்குத் திரும்பப் பஸ்: இவற்றைக் கொடுத்துவிட்டு மாணவனின் ஒழுக்கத்தை அளக்க வாருங்கள். கௌரவ விரிவுரையாளர்களை வைத்துக் காலந்தள்ளும் நாட்டில், 40 சதவீதப் பாடம் திரைக்குப் போனால், அதற்குரிய ஆசிரியர் பணியிடங்கள் எங்கே போகும்? நகல் எழுதிய கனவான்கள் இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லட்டும்.