இலை கொட்டிய மரமெல்லாம் பட்ட மரமல்ல



மாசி, பங்குனி மாதங்களில் கலியாண முருங்கை மொட்டையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இதை முள்முருக்கு என்பார்கள். இலையைக் கொட்டிவிட்டு, வெறுங்கிளையில் சிவப்பாகப் பூப்பது இந்த மரத்தின் இயல்பு. இதை அறியாமல் "மரம் பட்டுப்போச்சு, வீட்டுக்கு ஆகாது" என்று சொல்கிறவர்கள் நம்மிடையே உண்டு. அந்த வீட்டில் கணவனை இழந்த பெண் இருந்துவிட்டால், மரத்தின் குறையையும் அவள் தலையில் கட்டிவிடுவார்கள்.

வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். 2003இல் அவருடைய கலியாணப் பந்தலில் நட்ட போத்துத்தான் லயத்துக்குப் பின்னால் மரமாக வளர்ந்தது. கணவரோடு கிளிநொச்சிக்குப் போனவர், 2009இல் யுத்தத்தில் அவரை இழந்தார். அடுத்த ஆண்டு இரண்டு பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குத் திரும்பினார். கடந்த ஒக்டோபரில் அந்த மரத்தின் ஒரு பக்கம் இலையில்லாமல் போயிற்று. அயலாரின் பேச்சைத் தாங்க முடியாமல், "வெட்டிவிடட்டுமா அக்கா?" என்று கேட்டிருந்தார். நேரில் போய்ப் பார்த்தேன். பார்த்த ஒழுங்கிலேயே சொல்கிறேன்; உங்கள் வீட்டு மரத்துக்கும் உதவும்.

முதலில் காலத்தைப் பார்க்க வேண்டும். ஒக்டோபர் இந்த மரம் இலை கொட்டும் காலமல்ல. அதோடு, இயல்பாகக் கொட்டினால் மரம் முழுவதும் கொட்டும். ஒரு பக்கம் மட்டும் கொட்டினால் அந்தப் பக்கத்து வேரிலோ கிளையிலோ கோளாறு இருக்கிறது என்று எண்ண வேண்டும்.

இரண்டாவது, இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இலை கொட்டியதால் மலைநாட்டின் தலையெழுத்தே ஒருமுறை மாறியிருக்கிறது. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் காணப்பட்டது. இலை கொட்டியதற்கு மழையும் மண்ணும்தான் காரணம் என்று பலர் நினைத்தார்கள். 1880இல் வந்த மார்ஷல் வார்ட் என்ற ஆய்வாளர், அந்தத் தூள் ஒரு பூஞ்சணத்தின் வித்து என்றும், அது காற்றில் பரவி இலை வழியே நுழைகிறது என்றும் விளக்கினார். அதற்குள் நோய் எங்கும் பரவிவிட்டது. கோப்பி அழிந்து, தேயிலை வந்தது.

கலியாண முருங்கைக்கும் ஒரு பெரிய எதிரி உண்டு. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சிறு குளவி இளம் இலையிலும் காம்பிலும் முட்டையிடும். அந்த இடம் முடிச்சு முடிச்சாக வீங்கும். இலை சுருண்டு விழும். 2004இல்தான் இதற்குப் பெயர் வைத்தார்கள். 2005இல் ஹவாய்த் தீவுகளுக்குப் போய் ஏராளமான மரங்களைக் கொன்றது. கேரளத்திலும் காணப்பட்டது. 2008இல் ஹவாயில், ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த இன்னொரு குளவியை விட்டுத்தான் இதை அடக்கினார்கள். இலையில் இப்படி முடிச்சுகள் கண்டால் அந்தக் கிளைகளை வெட்டி எரியுங்கள். விவசாயப் போதனாசிரியருக்கும் காட்டுங்கள். வாசகியின் மரத்தில் முடிச்சும் இல்லை, தூளும் இல்லை.

மூன்றாவது, பட்டையை நகத்தால் கீற வேண்டும். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் கிளைக்கு உயிர் இருக்கிறது. காய்ந்து மண்ணிறமாக இருந்தால் அது பட்ட கிளை. இலையில்லாத ஐந்து கிளைகளில் மூன்று பச்சையாகவே இருந்தன.

கடைசியாக, அடிமரத்தைப் பார்த்தேன். காரணம் அங்கேதான் இருந்தது. புதிதாகக் குசினி கட்டியபோது வெட்டிய மண்ணை, மரத்தின் அந்தப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்குக் குவித்திருந்தார்கள். பழைய கான் அதில் மூடுண்டு, குசினித் தண்ணீரும் மழைத் தண்ணீரும் அங்கேயே தேங்கின. இலங்கையில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் வட்டவளையும் ஒன்று. வேருக்கும் மூச்சு வேண்டும், சகோதரிகளே. தண்ணீரில் மூழ்கிய வேர் அழுகும். அழுகிய வேரால் இலைக்குத் தண்ணீர் அனுப்ப முடியாது.

ஊட்டம் போதவில்லை என்று யாரோ சொன்னதால் அவர் கடன்பட்டு யூரியா வாங்கி வைத்திருந்தார். இந்த மரத்துக்கு அது தேவையில்லை. இதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுக்கின்றன. இதற்காகவும் நிழலுக்காகவும்தானே இந்த முருங்கை இனத்தைத் தேயிலைக்கு நடுவில் நட்டு, கவ்வாத்து வெட்டித் தழையைப் பசளையாகப் போட்டார்கள்! அந்த யூரியாவை அவருடைய கீரைப் பாத்திக்கு, கொஞ்சங் கொஞ்சமாகப் போடச் சொன்னேன்.

அவரும் பிள்ளைகளும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலையை முடித்தார்கள். வேர் அறுபடாமல் மண்ணைக் கையாலும் சிறு மண்வெட்டியாலும் வழித்து, அடிமரம் வெளியே தெரியும்படி செய்தார்கள். கானை வேறு பக்கமாகத் திருப்பினார்கள். பட்ட இரண்டு கிளைகளும் கூரைக்கு மேலே நின்றதால் ஆள் பிடித்து வெட்டினார்கள். பச்சைக் கிளை ஒன்றில் போத்து எடுத்து மேட்டுப் பக்கத்திலும் நட்டார்கள். ஏப்ரலில் மூன்று கிளைகளிலும் துளிர் வந்தது. பூ இந்த ஆண்டு மறுபக்கத்தில் மட்டுந்தான்.

எல்லா மரத்தையும் காப்பாற்ற முடியாது. வேரைத் தோண்டிப் பார்க்கும்போது அதன்மேல் வெள்ளையாகவோ சிவப்பாகவோ பூஞ்சண நூல்கள் படர்ந்து, மண் ஒட்டிக்கொண்டு வந்தால் அது வேர்நோய். பக்கத்து மரங்களுக்கும் தேயிலைக்கும் பரவக்கூடும். அப்படிப்பட்ட மரத்தை வேரோடு எடுத்து எரிப்பதே நல்லது. அடிமரம் குடைந்து லயத்தின் பக்கம் சாய்ந்து நிற்கும் மரத்தையும் வைத்திருக்க வேண்டாம். மே மாதக் காற்றுக்கு முன்பே தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவித்து, கடிதத்தின் பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு ஆசையாக வளர்த்த மரமானாலும் பிள்ளைகள் தூங்கும் கூரை அதைவிடப் பெரிது.

காலம், இலை, பட்டை, வேர் இந்த நான்கையும் பார்த்த பிறகு வெட்டுவதா வளர்ப்பதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். மரம் வாடுவதற்கு மண்ணிலும் தண்ணீரிலும் பூச்சியிலும் காரணம் இருக்கும். அந்த வீட்டுப் பெண்ணின் நெற்றியில் அதைத் தேடுகிறவர்களிடம் ஒரு மண்வெட்டியைக் கொடுத்து, "வந்து வேரைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள்.