இரண்டு ஆரஞ்சுப் பழங்கள்

பிறருக்கு விதிகளைப் போதிப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டவன், அவ்விதிகளைத் தானே மீறிக் கையும் களவுமாக அகப்பட்டுக்கொண்டால் உண்டாகும் வெட்கம் சாமானியமானதன்று. சென்ற மே மாதம் ஓர் இரவு, ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா தேசத்துக் காட்டில், மோட்டார் வண்டியின் கூரைமேல் விரித்த கூடாரத்துக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தபோது அந்த வெட்கம் நமக்கு உண்டாயிற்று. நம்மைப் பிடித்தவர் போலீஸ்காரரல்லர், ஒரு யானை.

கலாசாலை நாள் முதல் சிநேகிதர்களான ஒரு வக்கீல், ஒரு டாக்டர், ஓர் இஞ்சினீயர், இவர்களுடன் நாம். வழிகாட்டி வேண்டாம், சமையற்காரன் வேண்டாம். வண்டியை நாமே ஓட்டி, நாமே பொங்கித் தின்று, வன விலங்குகளிடையே பத்து நாள் கழிப்பது என்று தீர்மானம். அந்தத் தேசத்திலும் நம்மைப்போலச் சாலையின் இடப்புறமாகவே ஓட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் இஞ்சினீயருக்குத் தைரியம் வந்துவிட்டது. மவுன் என்ற ஊரில் வாடகை வண்டி எடுத்தோம். கூரையில் இரண்டு கூடாரம், பின்னால் சிறு குளிர்பெட்டி, உபரிச் சக்கரம் இரண்டு, மண்வெட்டி, காற்றடிக்கும் கருவி எல்லாம் அதிலேயே இருந்தன. ஒப்படைத்த ஆசாமி சில புத்திமதிகளும் சொன்னார். மணற்பாதையில் டயரின் காற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். சரணாலயத்துக்குள் இருட்டியபின் வண்டி ஓட்டாதீர்கள், அது சட்டவிரோதம். பெட்ரோலை இங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஆரஞ்சுப் பழம் மட்டும் எடுத்துப் போகாதீர்கள், யானை வரும்.

கடைசிப் புத்திமதியைக் கேட்டு நால்வரும் சிரித்தோம். பிறகு கடைத்தெருவில் நல்ல பழங்களைக் கண்டபோது, ஒருவருக்கும் சொல்லாமல் இரண்டை வாங்கி நமது பைக்குள் போட்டுக்கொண்டோம். இரண்டே இரண்டுதானே என்பது நமது நியாயம். வகுப்பில் பையன்கள் இதே நியாயத்தைச் சொல்லி நம்மிடம் தண்டனை பெற்றதுண்டு.

மவுனுக்கு வடக்கே மொரேமி என்ற வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. அது ஏற்பட்ட விதத்தைத் தமிழ் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். போட்ஸ்வானா சுதந்திரம் பெற்றது 1966-ல். அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1963-ல், பட்டவானா என்ற குலத்தினர், காலஞ்சென்ற தங்கள் தலைவர் மூன்றாம் மொரேமியின் மனைவி புலானே அம்மையாரின் தலைமையில், தங்கள் சொந்த நிலத்தை வேட்டை கூடாத இடமாக ஒதுக்கிவைத்தார்கள். வேட்டைக்காரர்கள் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள் என்ற கவலையே காரணம். ஆப்பிரிக்க வனங்களைக் காப்பாற்றியவர்கள் வெள்ளைக்காரர்களே என்று எழுதிவைத்த புத்தகங்களை நாமும் படித்தவர்தாம். ஆனபடியால் இதைக் கேட்டுப் பெருமிதம் கொண்டோம். ஆனால் முழுவதையும் சொல்ல வேண்டுமல்லவா? அந்நிலத்தில் குடியிருந்த, நதியையே நம்பி வாழ்ந்த சான் மரபினர் சிலர் க்வாய் நதியின் மறு கரைக்குப் பெயர வேண்டியதாயிற்று. சொந்தத் தேசத்தார் செய்தாலும் குடிபெயர்ப்பு குடிபெயர்ப்புதான்.

அங்குள்ள தண்ணீரின் கதை இன்னும் விசித்திரமானது. ஒகவாங்கோ நதி அங்கோலா தேசத்து மலைகளில் பிறக்கிறது, கடலைக் காண்பதேயில்லை. மணற்காட்டில் விசிறிபோல் பரவி அங்கேயே மறைந்துபோகிறது. ஜனவரி, பிப்ரவரியில் அங்கோலாவில் பெய்த மழை, நாணலுக்கிடையே நகர்ந்து நகர்ந்து, இங்கே மழைக்காலம் முடிந்து வானம் வெளுத்துக் கிடக்கும் மாதங்களில் வந்து சேருகிறது. உலகமெல்லாம் வறளும் காலத்தில் வெள்ளம்! மழையின் அருமையை அந்த ஜனங்கள் எவ்வளவு அறிந்திருக்கிறார்கள் என்பதற்கு அவர்களது நாணயமே சாட்சி. அதன் பெயர் பூலா. பூலா என்றால் மழை. நமது வக்கீல் சில்லறை வாங்கும்போதெல்லாம், "மழை சரியாக இருக்கிறதா, எண்ணிப் பாரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் பாலம் என்ற இடத்தில், மொப்பானி மரக்கட்டைகளை அடுக்கிய பாலத்தின்மீது வண்டி கடகடவென்று ஏறி இறங்கியதையும், அங்குள்ள வாலில் குறைவற்ற குரங்குகள் நமது ரொட்டியைக் கொண்டுபோனதையும் விவரிக்க இடமில்லை. மணலில் இருமுறை புதைந்தோம். இருமுறையும் டாக்டர்தான் மண்வெட்டி பிடித்தார். இஞ்சினீயர் யோசனை சொன்னார்.

ஆறாம் நாள் சாவுட்டி சேர்ந்தோம். அங்கே ஒரு கால்வாய் உண்டு. 1982-ல் வற்றிய அது 2010-ல்தான் மறுபடி ஓடிற்று. வறண்ட காலத்தில் தாகம் பொறாத யானைகள் கூடாரத் துறையின் தண்ணீர்க் குழாய்களைப் பிடுங்கி எறிந்தனவாம். அதனால் குளிக்குமிடத்தைச் சுற்றி யானை நுழைய முடியாதபடி கோட்டைபோல் பருத்த சுவர் எழுப்பியிருக்கிறார்கள். மனிதர் தங்குமிடத்துக்கோ வேலி கிடையாது.

இரவு ஒன்பது மணியிருக்கும். கட்டைகள் நொறுங்கும் சப்தம்கூட இல்லை. அவ்வளவு பெரிய பிராணி அவ்வளவு மெதுவாக நடக்கும் என்று நாம் நினைத்ததில்லை. திடீரென்று நிலா மறைந்தது. கூடாரத்துக்குக் கையெட்டும் தூரத்தில் ஒரு முதுகு. துதிக்கை வண்டியின் கண்ணாடிமேல் ஊர்ந்தது. ஒவ்வொரு ஜன்னலாக முகர்ந்தது. பிறகு வண்டி ஒருமுறை தொட்டில்போல் ஆடிற்று.

"உள்ளே என்ன வைத்திருக்கிறோம்?" என்று இஞ்சினீயர் காதோடு கேட்டார்.

"அரிசி, பருப்பு, ஊறுகாய்" என்றார் வக்கீல், அடுத்த கூடாரத்திலிருந்து.

நாம் வாய் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிராது, யானை போயிராது. ஆயினும் மூன்று சிநேகிதர்கள் உயிருக்கு அஞ்சிக் கிடக்கும்போது சொல்லாமல் இருந்தோம் என்பது இன்னும் உறுத்துகிறது. டாக்டருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் நமது மாணவி. யானையின் மோப்பத்துக்கு ஆதாரமான ஜீன்கள் சுமார் 2,000 என்றும், மனிதனுக்கு ஏறக்குறைய 400 என்றும் விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். கண்ணாடி அடைத்த வண்டியில், பைக்குள், துணிக்கு நடுவே இருந்த இரண்டு பழங்கள் அதற்கு ஒளிவா மறைவா? பக்கக் கண்ணாடி ஒன்று முறிகிற ஓசை கேட்டது. வெகுநேரத்துக்குப்பின் நிலா மறுபடி தெரிந்தது.

விடிந்ததும் நண்பர்களிடம் ஒப்புக்கொண்டோம். வக்கீல், "வாத்தியாரே, உம்மை என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டார். டாக்டர் ஒன்றும் கேட்கவில்லை. அன்று மத்தியானம்வரை நம்முடன் பேசவுமில்லை.

சுவடுகளைப் பார்க்க வந்த காவலர் ஒருவர், "துமேலா, ரா" என்று மரியாதையாக வணங்கிவிட்டு விஷயத்தைக் கேட்டார். நமக்காக அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வண்டிக்குள் பழம் கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட யானை அதை மறக்காது, அடுத்த வண்டியை உடைக்கும், கடைசியில் யாராவது ஒருவர் துப்பாக்கியுடன் வரவேண்டியிருக்கும் என்றார். நமது இரண்டு பழத்தின் விலை அதுதான் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

அவர் கிராமத்தில் யானைகள் சோளக்கொல்லையை ஓரிரவில் தின்று தீர்த்த கதையையும் சொன்னார். அந்தத் தேசத்தில் ஜனங்கள் சுமார் 24 லட்சம். யானைகள் சுமார் 1,30,000. 2014-ல் வேட்டையைத் தடைசெய்தார்கள். 2019-ல் தடையை நீக்கினார்கள். வேட்டைப் பொருள்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்த ஜெர்மனியில் பேச்சு எழுந்தபோது, அப்போதைய ஜனாதிபதி மசீசி 2024-ல், 20,000 யானைகளை உங்களுக்கே அனுப்புகிறேன், நீங்களே சேர்ந்து வாழுங்கள் என்று பதில் சொன்னார். பணம் கொடுத்து யானையைச் சுட்டுத் தந்தத்தைக் கூடத்தில் மாட்டும் கனவான்களிடம் நமக்கு மதிப்புக் கிடையாது. ஆனால் கொல்லையை இழந்தவனுக்கு, யானை இல்லாத ஊரிலிருந்து உபதேசம் வருவதும் நமக்குப் பிடிக்கவில்லை. நாமும் யானை இல்லாத ஊரிலிருந்து பழத்துடன் வந்தவர்தாமே.

காவலர் பழங்களை வாங்கிக்கொண்டு போவார் என்று எதிர்பார்த்தோம். அவர் வாங்கவில்லை. தம் எதிரிலேயே தின்னச் சொன்னார். நால்வரும் நின்றபடி சுளைகளைப் பங்கிட்டுத் தின்றோம், நல்ல புளிப்பு. தோலையும் கொட்டையையும் அவர் ஒன்றுவிடாமல் பொறுக்கி, அணையவிருந்த நெருப்பில் போட்டு, எரிந்து தீரும்வரை குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார்.