பாதையும் பாட்டியும் பாடநூல்களே

சாதாரண தரப் பரீட்சை நெருங்குகையில் மலையகப் பாடசாலைகள் பலவற்றில் வரலாற்றுப் பாடவேளை, ஆசிரியர் குறிப்புச் சொல்ல மாணவர் எழுதும் வேளையாகிவிடுகின்றது. மன்னர்களின் பெயர்களும் குளங்களின் பெயர்களும் மனனமாகின்றன. அவை வேண்டாதவை அல்ல. ஆயினும், தான் நடந்துவரும் பாதையின் கதையை அறியாமலே ஒரு மாணவன் பதினொராம் தரத்தைத் தாண்டிவிடுகின்றான் என்பதே எமது கவலை.

உடப்புசல்லாவையை எடுத்துக்கொள்வோம். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை ஊடாக இராகலை வரை ஒடுங்கிய புகையிரதப் பாதையொன்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டது. உடப்புசல்லாவைப் பாதை என்றே அது அழைக்கப்பட்டது. தோட்டங்களின் தேயிலையைச் சுமந்த அது 1940களில் மூடப்பட்டது. ஏன் வந்தது, எவ்வழியே சென்றது, ஏன் மறைந்தது என மாணவரையே தேடச் செய்தால் புவியியலும் பொருளாதாரமும் வரலாறும் ஒன்றாய் வந்து சேரும். அதற்கும் முன்னர், கண்டி இராச்சியத்தில் தவளம் எனப்படும் பொதிமாட்டு அணிகளைச் செலுத்திப் பண்டங்களை எடுத்துச் சென்றவர்களுள் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். ஒரே வாங்கில் அமரும் இரு சமூகத்துப் பிள்ளைகளும் மற்றவரின் வரலாற்றை அறிய இதைவிட இலகுவான வாயில் எது?

பாதையைவிடக் கடினமானது வீட்டுப் பெட்டியிலுள்ள கடதாசி. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாய்ப் பகிர்ந்துகொண்டன. நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. இவ்வெண்களை ஒரே இரவில் மனனம் செய்யலாம். 'நம் குடும்பத்தில் யார் போனார், யார் நின்றார்?' என்று பாட்டியிடம் கேட்டு வந்த பிள்ளைக்கோ அவை வெறும் எண்களல்ல.

நினைவு பிசகும் என்பதும் உண்மையே. பாட்டி சொன்னதைச் சட்டத்தோடும், பழைய பத்திரிகையோடும், பிறப்புச் சான்றிதழோடும் ஒப்பிட்டுப் பார்க்கப் பழக்குவதே வரலாற்று ஆசிரியரின் மெய்யான பணி. வீட்டுத் துயரை வகுப்பில் சொல்ல எப்பிள்ளையும் நிர்ப்பந்திக்கப்படலாகாது.

பாடத்திட்டத்தை முடிக்க ஓடும் ஆசிரியரைக் குறைகூறிப் பயனில்லை. புள்ளி கிடைக்காத தேடலுக்குப் பெற்றோரும் இணங்கார். பாடசாலை மட்டக் கணிப்பீடு என்ற ஏற்பாடு ஏற்கெனவே உள்ளது. தவணைக்கு ஒரு தேடலை அதனுள் சேர்த்துப் புள்ளி வழங்க நுவரெலியா மாவட்டக் கல்வி அதிகாரிகள் முன்வர வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ பெரும் நிதியோ தேவையில்லை.