அதே பூங்கா, ஆறாம் முறை

ஒரே இடத்திற்குத் தங்கள் பிள்ளைகளை ஆண்டுதோறும் அழைத்துச் செல்லும் பெற்றோர் நம் வாசகர் குடும்பங்களில் பலர் உளர். விடுமுறை வந்தால் அதே பொழுதுபோக்குப் பூங்கா, அதே இராட்டினம், அதே நீர்ச்சறுக்கு. முதலாண்டில் துள்ளிக் குதித்த பிள்ளை நான்காம் ஆண்டில் ஒரு மூலையில் அமர்ந்து கைப்பேசியில் முகம் புதைத்துக்கொள்கிறான். செலவு செய்த தந்தைக்குக் கோபம் வருகிறது. விடியற்காலையில் எழுந்து சோறு கட்டிய தாய்க்கு அழுகை வருகிறது. இதுபற்றி எழுதவேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தோம். அதற்கேற்ற நிகழ்ச்சி ஒன்று 2024ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் நம் கண்முன்னேயே நடந்தது.

அப்போது நாமும் நம் துணைவியாரும் நெதர்லாந்து நாட்டின் ஐண்ட்ஹோவன் நகரில் மூத்த மகள் வீட்டில் ஆறு வாரங்கள் தங்கியிருந்தோம். அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்திற்குள் எஃப்டலிங் என்னும் புகழ்பெற்ற பூங்காவை அடைந்துவிடலாம். மகளும் மருமகனும் அதற்கு ஆண்டுச் சீட்டு வாங்கி வைத்திருந்தார்கள். வாங்கிய சீட்டைப் பயன்படுத்தாவிட்டால் நட்டம் அல்லவா? ஐந்து முறை சென்று வந்தாயிற்று. ஆறாம் முறை எங்களையும் அழைத்துச் செல்வதென ஒரு வெள்ளி இரவு உணவின்போது முடிவாயிற்று.

பதின்மூன்று வயதுப் பேரன் தட்டைத் தள்ளிவைத்தான். “நான் வரவில்லை. அங்குள்ள கல்லும் மரமும்கூட எனக்கு மனப்பாடம். மாத முடிவில் புதிய பேய் மாளிகை திறக்கிறார்கள். அதன்பிறகு போகலாம்” என்றான். 1978 முதல் அங்கிருந்த பழைய பேய் மாளிகையை 2022இல் மூடிவிட்டு, அவ்விடத்தில் எழுப்பிய புதியதை 2024 அக்டோபர் 31ஆம் நாள் திறக்கவிருந்தார்கள். எங்கள் விமானமோ அதற்கு ஒரு வாரம் முன்பே புறப்படவிருந்தது. மருமகன் குரலை உயர்த்தினார்: “தாத்தாவும் பாட்டியும் இன்னும் எத்தனை முறை இங்கே வருவார்கள் என்று நினைக்கிறாய்?”

அக்கேள்விக்குப்பின் மேசையில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. எழுபதைத் தாண்டிய எங்கள் இருவருக்கும் அதன் விடை தெரியாததன்று.

துணைவியார்தாம் பேச்சைத் திருப்பினார். “முப்பது ஆண்டுகளாக நான் வேளாங்கண்ணிக்குப் போகிறேன். அதே கோயில், அதே கொடி, அதே கடற்கரை. ஒருநாளாவது எனக்குச் சலித்ததா, சொல்” என்று பேரனைக் கேட்டார். அவன் சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, “பாட்டி, நீங்கள் ஒவ்வோர் ஆண்டும் வேறொரு வேண்டுதலோடு போகிறீர்கள். எனக்கு அங்கே என்ன வேலை இருக்கிறது?” என்றான்.

சிறுவன் சொன்னது முற்றிலும் சரி என்றே நமக்குப் பட்டது. மகளுக்கும் அவ்வாறே பட்டிருக்கவேண்டும். “அப்படியானால் நாளைக்கு உனக்கு ஒரு வேலை தருகிறேன். தாத்தாவும் பாட்டியும் அங்கே ஒன்றையும் பார்த்தவர்களல்லர். எங்கே போவது, எப்போது சாப்பிடுவது, எதை விடுவது எல்லாம் நீதான் முடிவு செய்யவேண்டும். நாங்கள் வாய் திறக்கமாட்டோம்” என்றாள். மருமகன் மணிவாரியாக அட்டவணை ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தார். அதை அவர் சொல்லாமல் மூடிக்கொண்டது சிறிய தியாகம் அன்று.

அப்பூங்காவின் பிறப்பைப்பற்றி நாம் அறிந்திருந்ததை அன்றிரவு பேரனுக்குச் சொன்னோம். நெதர்லாந்தின் தென்பகுதியான வட பிரபாந்த் மாநிலம் தொன்றுதொட்டுக் கத்தோலிக்கர் மிகுந்த பகுதி. அங்குள்ள காட்ஸ்ஹூவல் என்ற ஊரின் பங்குக்குருவும் அவருடைய உதவிக்குருவும், ஊர்ப் பிள்ளைகள் ஓடியாட ஓர் இடம் வேண்டுமென்று முயன்றனர். 1935இல் ஒரு விளையாட்டுத் திடலும் உலாவிடமும் திறக்கப்பட்டன. அதன் பெயரிலேயே ‘உரோமைக் கத்தோலிக்க’ என்ற சொற்கள் இருந்தன. உலகப்போர் முடிந்தபின், 1950இல் ஊராட்சித் தலைவரின் முயற்சியால் ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. அன்டோன் பீக் என்ற ஓவியரும், திரைப்படக் கலையும் பொறிநுட்பமும் கைவந்த பீட்டர் ரெய்ன்டர்ஸ் என்பவரும் சேர்ந்து, பத்துக் கதைகளைக் கொண்ட ‘தேவதைக்கதைக் காடு’ ஒன்றை அமைத்தார்கள். 1952 மே 31ஆம் நாள் அது திறக்கப்பட்டது. பூச்சுவேலையால் பழமையைப் போலியாகக் காட்டுவதற்கு ஓவியர் இசையவில்லை. உண்மையான செங்கல்லும் ஓடும் மரமும் வேண்டுமென்றார். எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அக்குடிசைகள் நேற்றுவரை யாரோ குடியிருந்தவைபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறோம்.

கல்லும் மரமும் மனப்பாடம் என்ற பையனுக்கு இவற்றுள் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அவன் நெடுநேரம் எதையோ தேடிப் படித்துக்கொண்டிருந்தான். காலையில் தன் திட்டத்தை அறிவித்தான். “இன்று நாம் ஆண்டு வரிசைப்படி போகிறோம். 1952இல் தொடங்கி மேலே மேலே வருவோம்.”

ஆயினும் வாயிலைக் கடந்தவுடனேயே ஒரு தடை. ஆறு வயதுப் பேத்தி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். தாமாகவே ஆடும் சிவப்புக் காலணிகள் அக்காட்டில் ஓரிடத்தில் உள்ளன. ஒவ்வொரு முறையும் அவற்றைத்தான் அவள் முதலில் பார்ப்பது வழக்கமாம். ஆண்டு வரிசை அவளுக்கு எம்மாத்திரம்? அண்ணன் முகம் சுளித்தான், பின்னர் விட்டுக்கொடுத்தான். இங்கே பெற்றோருக்கு ஒன்று சொல்லவேண்டும். பயணத்தைப் புதுமையாக்குகிறோம் என்று எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றிவிடலாகாது. சிறு பிள்ளைகள் மாறாத ஒன்றைப் பற்றிக்கொண்டுதான் மற்றவற்றை ஏற்கிறார்கள். பழைய பேய் மாளிகை மூடப்பட்டபோது, வளர்ந்து பிள்ளை பெற்றவர்களே கண்ணீர் விட்டார்கள் என்று மகள் சொன்னாள். தாங்கள் அஞ்சி நடுங்கிய அதே மாளிகையில் தங்கள் பிள்ளைகளும் நடுங்கவேண்டும் என்பது அவர்கள் ஆசை.

காலணிகளுக்குப்பின் 1952 தொடங்கிற்று. ‘நெடுங்கழுத்தன்’ என்ற காவலாள் உட்கார்ந்தபடியே கழுத்தை மரக்கிளை உயரத்திற்கு நீட்டிச் சுற்றிலும் பார்க்கிறான். குள்ளர் சிற்றூர் ஒன்று இருக்கிறது. வழியோரக் காளான்களில் காதை வைத்துக் கேட்டால் உள்ளே மெல்லிய இசை ஒலிக்கிறது. இக்காளான்களைத்தான் ஐந்து முறையும் ஓட்டமாகக் கடந்துபோனதாகப் பேரன் ஒப்புக்கொண்டான். நாம் குனிந்து காதை வைத்தோம்; நிமிர்வதற்கு அவன் தோள் வேண்டியிருந்தது.

அடுத்து 1959. அவ்வாண்டில் வந்தவர் ‘ஹோல பொல ஹெய்ஸ்’ என்ற பெருந்தீனிக்காரர். வாயைத் திறந்துகொண்டு, “காகிதம் இங்கே!” என்று டச்சு மொழியில் கூவுகிறார். குப்பைக் காகிதத்தை நீட்டினால் உறிஞ்சி விழுங்கிவிட்டு நன்றி சொல்கிறார். குப்பைத்தொட்டிக்கு வாயும் நாவும் தந்த இவ்வறிவை நம் ஊர்த் திருவிழாத் திடல்களுக்குக் கடன் வாங்கலாம். அப்பூங்காவில் இத்தகையோர் பலர் உண்டு. எத்தனைபேர் என்று எண்ணிச் சொல்வது பேத்தியின் வேலை. முன்பின் அறியாதவர் கைகளிலிருந்த காகிதங்களையெல்லாம் அவள் கேட்டு வாங்கிவிட்டாள்.

1966ஆம் ஆண்டைப் பாட்டிக்கென்றே வைத்திருந்தான் பேரன். ‘இந்திய நீரல்லிகள்’ என்பது அக்காட்சியின் பெயர். பெல்ஜியம் நாட்டு அரசியாயிருந்த ஃபபியோலா, திருமணத்திற்கு முன் ஸ்பெயினில் எழுதி 1955இல் வெளியிட்ட கதைகளுள் ஒன்று அது. அரசர் பொதுவேனும் அவரும் ஆழ்ந்த கத்தோலிக்கப் பற்றுக்குப் பெயர்பெற்றவர்கள் என்பதை நம் மூத்த வாசகர் அறிவர். இருண்ட குகையில் ஒரு குளம். தவளைகளும் வாத்துகளும் இசைக்கின்றன. அல்லி மலர்கள் விரிய, அவற்றின்மேல் சிறு தேவதைகள் ஆடுகிறார்கள். இந்தியா என்று பெயர்தான். இசை ஜெர்மானியரான பெர்ட் கெம்ஃபர்ட்டுடையது, சூனியக்காரியின் குரலோ பெரு நாட்டுப் பாடகி யீமா சூமாக்குடையது! நாம் சிரித்தோம். துணைவியார் சிரிக்கவில்லை. “அந்த அம்மாவுக்குப் பிள்ளை இல்லையே” என்றார். எத்தனை நாட்டுப் பிள்ளைகள் வரிசையில் நின்று அக்கதையைக் காண்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு நின்றார் போலும். இரண்டாம் முறையும் பார்க்கவேண்டும் என்றார். பார்த்தோம்.

இதற்குள் மணி ஒன்று. எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தோம். துணைவியாரின் முழங்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. ஆண்டு வரிசை என்பது ஏட்டில் நேர்க்கோடு. நிலத்திலோ பூங்காவின் ஒரு கோடிக்கும் மறு கோடிக்குமாக அலைச்சல். பேரன் பாட்டியின் காலையும் தன் திட்டத்தையும் மாறிமாறிப் பார்த்தான். பின்னர், “இரண்டே இரண்டு போதும். மற்றவை இருக்கட்டும்” என்றான். எதை விடுவது என்று அவன் தானே முடிவு செய்தது அன்று நாம் கண்டவற்றுள் மேலானது. பெரியவர்களுக்கே இது எளிதில் வருவதில்லை. கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் ஏறி இறங்கிவிட வேண்டும் என்று முந்தைய ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் முழுவதும் வரிசைகளில் நின்றுவிட்டு, காரில் ஒருவரோடொருவர் பேசாமல் வீடு திரும்பினார்களாம். அடுத்த முறைக்கு ஒன்றையும் மிச்சம் வைக்காதவனுக்கு அடுத்த முறை எப்படி இனிக்கும்?

அவன் தெரிந்தெடுத்த முதலாவது, 1996இல் வந்த ‘வில்லா வோல்டா’ என்ற வீடு. அதில் நாம் அமரும் இருக்கை சிறிதே ஊசலாடுகிறது; வீடுதான் நம்மைச் சுற்றிப் புரளுகிறது. கண்ணை மூடினால் ஒன்றுமில்லை, திறந்தால் தலைகீழாகத் தொங்குகிறோம்! அதன் சூழ்ச்சியைப் பேரன் நமக்கு விளக்கினான். ஒரே விளையாட்டில் இரண்டாம் முறை ஏறும்போது, அது எவ்வாறு இயங்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வளர்ந்த பிள்ளைகளுக்கு அச்சத்தைவிட இதுவே இனிக்கிறது. இதற்கிடையில் மருமகன் ஒரு மரத்தடியில் காப்பிக் குவளையுடன் அமர்ந்திருந்தார். ஐந்து முறை வந்தும் தாம் அங்கே உட்கார்ந்ததே இல்லை என்றார்.

இரண்டாவது, 1981இல் திறந்த ‘பைத்தான்’. மலைப்பாம்பைப்போல் நான்குமுறை தலைகீழாய்ச் சுழன்று வரும் இரும்புத் தடம். 120 சென்டிமீட்டர் உயரமில்லாத பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. பேத்தி அளவுகோலின் கீழ் நிமிர்ந்து நின்றாள். குதிகாலையும் உயர்த்திப் பார்த்தாள். இரண்டு விரற்கடை குறைவு. பூங்கா மாறவில்லை என்று குறைப்பட்ட அண்ணன், “போன முறை நான்கு விரற்கடை குறைந்தாய்” என்று அவளைத் தேற்றிவிட்டு, தானும் ஏறாமல் அவளோடு திரும்பி வந்தான்.

அன்று முதல் அக்குடும்பத்தில் சில மாற்றங்கள். ஒவ்வொரு பயணத்திற்கும் ஒருவர் தலைவர். முறை வைத்து மாறும். தலைவர் புறப்படுமுன் ஒரு வேலையைச் சொல்லவேண்டும்: இம்முறை ஓசைகள் மட்டும், இம்முறை தோட்டமும் பறவைகளும் மட்டும் என்று. சீட்டு கையில் இருப்பதால் முழு நாளும் நிற்பதில்லை. மாலை இரண்டு மணி நேரம் போய் விளக்கேற்றியபின் திரும்பிவிடுவதும் உண்டு. எஃப்டலிங் 2010 முதல் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதால் பனிக்காலத்திலும் செல்கிறார்கள். அதே காடு வேறு காடாகிவிடுகிறதாம். சில நாள் தாய் மகனோடும் தந்தை மகளோடும் தனித்தனியே பிரிந்து சென்று, மாலையில் கண்டதைச் சொல்லிக்கொள்கிறார்கள்.

மற்றொன்றை அமெரிக்காவிலிருந்து எடுத்தோம். கலிபோர்னியாவில் 1955இல் தொடங்கிய டிஸ்னிலாந்தில், 1982 வரை ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனிச் சீட்டுகள் கொண்ட புத்தகம் விற்றார்கள். எளியதற்கு ஏ, மிகச் சிறந்ததற்கு ஈ என எழுத்துகள் இருந்தன. ஈ சீட்டு கைக்குக் கிடைப்பது சிலவே. எதற்குச் செலவிடுவது என்று குடும்பமே கூடி யோசிக்கும். அதைக் கேட்ட மகள், பழைய நாட்காட்டித் தாளை வெட்டி ஆளுக்கு மூன்று சீட்டு செய்து கொடுத்தாள். மூன்றுக்குமேல் கிடையாது. ஒருவருக்கொருவர் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். அண்ணனும் தங்கையும் இப்போது பேரம் பேசுவதைக் கேட்கவேண்டும்! நம் ஊரில் ஒரே சீட்டில் எல்லாவற்றிலும் ஏறலாம் என்று நுழையும் குடும்பங்களும் இதைச் செய்து பார்க்கலாம். காகிதச் செலவு ஒன்றுதான்.

2025 ஏப்ரலில் மகள் தொலைபேசியில் பேசினாள். புதிய பேய் மாளிகையைப் பார்த்தாயிற்று. நன்றாயிருக்கிறது, ஆனால் பழையது போல் இல்லை என்பது பதினான்கு வயதை எட்டிய பேரனின் தீர்ப்பு. பேத்தி 121 சென்டிமீட்டர். அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு மலைப்பாம்பில் ஏறினாள். தொடக்கம் முதல் முடிவுவரை அலறினாள். இறங்கி வந்து, இனி ஒருபோதும் அதில் ஏறமாட்டேன் என்று அழுதுவிட்டு, கையில் கசங்கியிருந்த காகிதத்தோடு ஹெய்ஸ் இருக்கும் பக்கம் நடந்தாளாம். பாட்டி வரும்போது மீண்டும் நீரல்லிகளைக் காட்டவேண்டும் என்று பேரன் ஒரு சீட்டை எடுத்து வைத்திருக்கிறான். துணைவியாரின் முழங்காலுக்கு வரும் திங்களில் மருத்துவம்.