எத்தனை போட்டது என்பதல்ல, எத்தனை பிழைத்தது என்பதே கணக்கு

இராமநாதபுரம், தூத்துக்குடி கடற்கரைச் சீமைக்கு ஏற்ற வெள்ளாடு கொடி ஆடு. வெள்ளை உடம்பில் கறுப்பு தெறித்திருந்தால் கரும்போரை. சிவப்பு தெறித்திருந்தால் செம்போரை. உடங்காயும் கருவேலங்காயும் தின்று, வெயிலில் நெடுந்தூரம் நடந்து மேயும். இரட்டைக் குட்டி போடுவது இதன் பெருமை. ஆனால் போட்ட குட்டிகளில் எத்தனை பால்குடி மறக்கும் வரை பிழைத்தன என்று கணக்கு வைப்போர் சிலரே.

இரட்டையில் ஒவ்வொரு குட்டியும் எடை குறைந்தே பிறக்கும். எடை குறைந்த குட்டியின் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். எழுந்து மடியைத் தேடத் தெம்பிராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த வெளியில் பிறந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

டென்மார்க் நாட்டுப் பன்றிப் பண்ணைகள் இதை அனுபவத்தில் கண்டன. அங்கே 1990-களில், ஓர் ஈற்றில் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கையைப் பார்த்து இனவிருத்திக்குப் பன்றிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். குட்டிகள் பெருகின, சாவும் பெருகியது. 2004-இல் முறையை மாற்றி, 5-ஆம் நாளில் உயிரோடு இருக்கும் குட்டிகளை எண்ணத் தொடங்கினார்கள். அதன் பிறகு சாவு குறைந்தது. பிழைக்கும் திறனிலும் ஒரு பங்கு பரம்பரையாக வருகிறது என்பதே இதில் உள்ள பாடம்.

நம் மந்தைகளில் நடப்பது என்ன? பக்ரீத்துக்கும் கோயில் கொடைக்கும் வாட்டசாட்டமான கிடாக்குட்டி முதலில் விலைபோகிறது. விலைபோகாமல் நின்றதே பொலிகிடா ஆகிறது. இது விதைநெல்லை விற்றுவிட்டுப் பதரை விதைப்பது போன்றது.

அதற்காக, கொழுத்த குட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்துவதும் சரியல்ல. ஒற்றையாகப் பிறந்த குட்டி கருவறையில் தனித்து வளர்ந்ததாலேயே பெருத்திருக்கும். அதையே தேர்ந்தெடுத்து வந்தால் இரட்டை ஈனும் குணம் நாளடைவில் மங்கும். குட்டி மிகப் பெரிதானால் தலையீற்று ஆடு ஈனவும் சிரமப்படும். ஆகவே இரட்டையை இரட்டையோடுதான் ஒப்பிட வேண்டும். இரட்டை ஈன்று இரண்டையும் வளர்த்து ஆளாக்கிய தாயின் கிடாக்குட்டியே பொலிகிடாவாகத் தக்கது. பிழைக்கும் திறனில் பரம்பரையின் பங்கு சிறிது என்பதால், தாயை ஓர் ஈற்றைக் கொண்டு எடைபோடாமல் இரண்டு மூன்று ஈற்றுகளைப் பார்ப்பது நல்லது.

‘கையில் காசு வேண்டும், நல்ல குட்டியை எப்படி நிறுத்துவது?’ என்று கேட்பது நியாயமே. 25 பெட்டைகளுக்கு ஒரு கிடா போதும். ஐந்தாறு ஆடு வைத்திருப்போர் நான்கு பேர் சேர்ந்து ஒன்றை நிறுத்தலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியூர்க் கிடாவோடு மாற்றிக்கொண்டால் தகப்பன் மகளோடு சேரும் கேடும் நீங்கும்.

பரம்பரை மட்டும் போதாது. கருவிலுள்ள குட்டி பெரும்பகுதி வளர்வது கடைசி ஆறு வாரங்களில்தான். அப்போது தாய்க்குக் கொஞ்சம் பிண்ணாக்கும் தவிடும் வேண்டும். குட்டி பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும்.

ஒரு பழைய நோட்டில் மூன்று எண்களைக் குறித்து வைத்தால் போதும்: பிறந்தவை, 5-ஆம் நாள் இருந்தவை, மூன்றாம் மாதம் இருந்தவை. எந்தக் குட்டியை விற்பது, எதை நிறுத்துவது என்பதை வியாபாரியின் கண் தீர்மானிக்கக் கூடாது. அந்த நோட்டுதான் தீர்மானிக்க வேண்டும்.