தாத்தாவுக்கு மணமேடை, பாட்டிக்கு மூலை!

மனைவி மறைந்து ஓராண்டு ஆகவில்லை. அறுபது கடந்த பெரியவருக்குப் பெண் தேடப் புறப்படுகிறார்கள் உற்றார். "வயதான காலத்தில் வெந்நீர் வைத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டாமா, பாவம்!" என்று பரிவு பொழிகிறார்கள். அதே தெருவில், கணவனை இழந்த ஐம்பத்தைந்து வயது அம்மையார், "எனக்கும் ஒரு துணை வேண்டும்" என்று வாய் திறக்கட்டும்! பரிவு பறந்துவிடும், பழி பாய்ந்து வரும். "பேரன் எடுத்தவளுக்குப் புத்தி போன போக்கைப் பார்!" என்று ஊர் தூற்றும். ஆணின் தனிமை இரக்கத்துக்குரியதாம். பெண்ணின் தனிமை கற்புக்குச் சான்றாம்! எந்த நாட்டு நீதி இது?

மனு வகுத்த நீதி! மனைவிக்கு ஈமக்கடன் முடித்தவன் மீண்டும் மணம் புரிந்து தீ வளர்க்கலாம் என்கிறது அந்நூல். கணவனை இழந்தவளோ பிற ஆடவனின் பெயரையும் உச்சரிக்கலாகாது என்கிறது. நூலைப் படித்தவர் சிலர். அதன்படி நடப்போரோ பலர்.

"முதுமையில் ஆசை ஏது? அவர்களே துறந்துவிட்டார்கள்" என்பர் பழமை விரும்பிகள். துறந்தார்களா, துரத்தப்பட்டார்களா? அமெரிக்காவில் 57 முதல் 85 வயது வரையுள்ள 3,005 பேரிடம் நடத்திய ஆய்வு 2007இல் வெளிவந்தது. 57 முதல் 64 வயதினரில் நூற்றுக்கு 73 பேரும், 65 முதல் 74 வயதினரில் 53 பேரும், அதற்கும் மூத்தோரில் 26 பேரும் உடலுறவு வாழ்வு உடையோர். உடல்நலம் குன்றியோரிடம் அது குறைந்திருந்தது. எந்த வயதிலும் ஆண்களைவிடப் பெண்களுக்கே இணை இல்லாத நிலை மிகுதி. ஆசை ஆண்டுக்கணக்கில் அணைவதன்று. துணையும் நலமும் இருக்குமிடத்தில் அது வாழ்கிறது.

இங்கே துணை எங்கே? 2011 கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கைம்பெண்கள். ஆண்களில் மனைவியை இழந்தோர் ஏழில் ஒருவரே! காரணம் விதியா? இல்லை. 1978 வரை சட்டம் பெண்ணுக்கு வகுத்த மணவயது 15. பள்ளிப் பருவத்துச் சிறுமியைத் தன்னைவிடப் பல்லாண்டு மூத்தவனுக்குக் கட்டிவைத்தோம். அவன் முந்திச் சென்றதும் மூலையில் அமர்த்தினோம். இதற்குப் பெயர் தலையெழுத்து!

இருவரும் வாழ்ந்தாலும் விட்டோமா? தந்தை மூத்தவன் வீட்டில், தாய் இளையவன் வீட்டில்! ஆடுமாடு பங்கிடுவதுபோல் பெற்றோரைப் பங்கிடும் பிள்ளைகள் எத்தனை பேர்! ஐம்பது ஆண்டு இணைந்திருந்தோரைப் பிரிக்கும் இக்கொடுமைக்குக் குடும்பப் பாசம் என்று பெயர் வேறு!

கைம்பெண் மறுமணச் சட்டம் வந்தது 1856இல். செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு கைம்பெண் மணத்துக்குக் குரல் கொடுத்தது 1929இல். ஆயினும் இன்றும் மறுமணம் புரிந்தால் குடும்ப ஓய்வூதியம் நிற்கும் என்பதே மத்திய அரசின் பொதுவிதி. பிள்ளையற்ற கைம்பெண்ணுக்கு மட்டும் வருமான வரம்புடன் விலக்கு. துணையா, சோறா என்று முதியவளைக் கேட்கிறது அரசு. அவள் சோற்றைத் தேர்ந்தால், "ஆகா, என்ன கற்பு!" என்று மெச்சுகிறது சமூகம்!

மருத்துவரிடமும் மௌனம். அந்த அமெரிக்க ஆய்விலேயே, ஐம்பது வயதுக்குப் பின் இதுபற்றி மருத்துவரிடம் பேசியவர்கள் ஆண்களில் நூற்றுக்கு 38 பேர். பெண்களில் 22 பேர் மட்டுமே. அங்கேயே அப்படியென்றால், நம் பாட்டி யாரிடம் வாய் திறப்பாள்? நீரிழிவும், மாதவிலக்கு நின்றபின் வரும் வறட்சியும் தரும் துன்பங்களுக்கு மருந்துண்டு, சொல்லத்தான் நாவில்லை.

தோழர்களே! முதியோரின் அந்தரங்க வரலாறு என்பது அவர்களின் ஒழுக்கத்துக்கு நாம் வழங்கும் மதிப்பெண் அன்று; அவர்களுக்கு நாம் இழைத்தவற்றின் பட்டியல். திருத்த வேண்டியது விதியை, வீட்டை, நாவை. நாளை உங்கள் தாய் ஒரு துணையை நாடினால் தலைகுனியாதீர். மாலை எடுத்துக் கொடுங்கள்! தாத்தாவுக்கு மேடை போட்ட ஊர், பாட்டிக்கும் பந்தல் போடட்டும்!