கரிசல் வாசலுக்கு எந்த மரம்?

 

விருதுநகரிலிருந்து சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். புதுவீடு கட்டி முடிந்துவிட்டதாம். மாலை வெயில் முழுவதும் வாசலில்தான் விழுகிறதாம். குவைத்தில் பணிபுரியும் அவருடைய கணவர், அங்கே சாலையோரங்களில் பச்சைச் சுவர்போல் நிற்கும் கோனோகார்பஸ் கன்றுகளையே வைக்கலாம் என்கிறார். அத்தாவோ, வேம்பும் புங்கமும் இருக்க வேறெதற்கு என்கிறார். யார் சொல்லைக் கேட்பது என்பது சகோதரியின் கேள்வி.

அத்தாவின் பக்கமே நான் நிற்கிறேன். கோனோகார்பஸ் விரைந்து வளரும். ஆண்டு முழுதும் பசுமை மாறாது. ஆயினும் அதன் வேர்கள் ஈரத்தைத் தேடிக் குடிநீர்க் குழாய்களிலும் கழிவுநீர்க் கால்வாய்களிலும் புகுந்துவிடும். குவைத்திலேயே இப்புகார் எழுந்ததுண்டு. குஜராத் அரசு 2023ஆம் ஆண்டில் அதனை நடுவதற்கே தடை விதித்தது. குடிநீருக்குக் குடங்களை வரிசையில் வைக்கும் ஊருக்கு இத்தகைய விருந்தாளி எதற்கு?

அயல்நாட்டு மரத்தின் கதை நமக்குப் புதிதன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக்கருவேலம் நம் கண்மாய்களையும் தரிசுகளையும் எவ்வாறு பிடித்துக்கொண்டது என்பதை அனைவரும் அறிவோம். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அதுவே சோறு போடுகிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் வாசல் நிழலுக்கு முள்மரம் உதவாது.

இனி நம் மண்ணைப் பார்ப்போம். கரிசல் மழையில் உப்பும். கோடையில் பாளம் பாளமாய் வெடிக்கும். அவ்வெடிப்புகளில் இளங்கன்றின் வேர் அறுந்துபோகும். மரம் ஈரத்தை உறிஞ்சும்போது மண் சுருங்கி அருகிலுள்ள சுவரில் விரிசல் காணும். ஆகவே பெருமரத்தைச் சுவரிலிருந்து பதினைந்து அடியாவது தள்ளியே நடுங்கள். இடம் குறைவாயின் ஒரு மரம் போதும்.

அந்த ஒன்று புங்கமாக இருக்கட்டும் என்பேன். கோடை தொடங்குமுன் இலை உதிர்த்து, வெயில் உச்சத்திற்கு வரும்போது புதுத்தளிர் விட்டு அடர்ந்து நிற்கும். வேம்பும் அவ்வாறே, ஆனால் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் அதை வைத்தல் ஆகாது. வாகை நல்ல மரந்தான். எனினும் நிழல் தேவைப்படும் மாதங்களில் மொட்டையாக நின்று நெற்றுகளைக் கலகலவென்று ஆட்டிக்கொண்டிருக்கும். மயில்கொன்றையின் சிவப்பில் மயங்கி நானும் ஒன்றை வளர்த்தேன். ஐப்பசிக் காற்றில் பெருங்கிளை முறிந்து, துணி உலர்த்தும் கொடியின் மீது விழுந்தது. அப்போது அங்கே குழந்தைகள் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்!

சிவகாசிப் பக்கத்துச் சகோதரிகளுக்குத் தனியே ஒரு சொல். தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேரூன்றியதற்கு இவ்வறண்ட வானிலையும் ஒரு காரணம். அதே வறட்சி சருகையும் தீனியாக்கிவிடும். மருந்து கையாளும் அறைகளைச் சுற்றிக் காய்ந்த புல்லும் சருகும் கிடக்கவே கூடாது. நிழல்மரம் தொழிலாளர் உணவருந்தும் இடத்தருகே, அவ்வறைகளுக்கு நெடுந்தொலைவில் இருக்கட்டும். அங்கும் சருகை அன்றாடம் பெருக்கி அகற்ற வேண்டும். கொளுத்துதல் அறவே கூடாது.

நடும் முறை எளிது. கோடையிலேயே மூன்றடி நீள அகல ஆழத்தில் குழி வெட்டி ஆறவிடுங்கள். தொழுவுரமும் செம்மண்ணும் கலந்து நிரப்பி, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் புரட்டாசிக் கடைசியில் நடுங்கள். ஆடு கடிக்காமலிருக்கச் சீமைக்கருவேல முள்ளையே வேலியாக்கலாம். அதற்கேனும் அது பயன்படட்டுமே! கன்று வேர்பிடித்த பிறகு, நாள்தோறும் ஒரு செம்பு ஊற்றுவதைவிட வாரம் ஒருமுறை இரண்டு குடம் ஊற்றுவது மேல். வேர் ஆழத்திற்கு இறங்கும். மண் வெடிக்காதிருக்கத் தென்னைநார்க் கழிவைப் பரப்புங்கள்.

தண்ணீருக்கு வழி? வுளூச் செய்யும் நீரில் சோப்புக் கலப்பதில்லை. ஐவேளையும் வீட்டார் வுளூச் செய்யும் இடத்திலிருந்து சிறு வாய்க்கால் ஒன்றைக் கன்று வரைக்கும் இழுத்துவிட்டால் முதலிரண்டு கோடைகளைக் கடத்திவிடலாம். கொத்தனார் இன்னும் வேலையை முடித்துப் போகவில்லையென்றால், சகோதரி அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.